ராஸ்வெல் ராக்கெட்ஸ்: 72 ஹோம் ரன்னும் காப்பாற்றாத அணி

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2023

மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) பாரி பாண்ட்ஸ் 2001இல் 73 அடிக்கும் வரை, தொழில்முறை பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து நான்கு பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அடித்தவர் ஜோ பௌமன் என்று படித்தேன். 1954, நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற ஊர், 72 ஹோம் ரன். ஆனால் அந்த ஆள் ஒரு நாள்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை. அவர் ஆடிய ராக்கெட்ஸ் அணியையும் எட்டே சீசனில் மூடிவிட்டார்களாம். அப்படியென்றால் அது ஒன்றுக்கும் உதவாத லீக் என்றுதானே அர்த்தம்? இதையெல்லாம் சாதனை என்று கணக்கில் சேர்க்கலாமா?

3 ஜூன், இரவு

சேர்க்கலாம். சேர்க்கத்தான் வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 138 ஆட்டம். கணக்கில் வந்த பேட்டிங் வாய்ப்பு 498, அதில் 199 ஹிட் (அடித்து பேஸைச் சேர்ந்தது). அந்த 199இல் 72 ஹோம் ரன், 35 டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை), 3 ட்ரிபிள் (மூன்றாவது பேஸ் வரை). 224 ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார், 188 முறை தானே ஓடி வந்து ரன் எடுத்திருக்கிறார். சராசரி .400. 199ஐ 498ஆல் வகுத்துப் பார்த்தால் .3996 வரும். சீசன் முழுக்க ஒரே ஒரு ஹிட் குறைந்திருந்தாலும் .398தான்.

இதில் என்னை நிறுத்திய எண் 150. அத்தனை முறை வாக் (நாலு பந்து வெளியே போனால் அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது) வாங்கிப் போயிருக்கிறார். அடிக்க முடியாத பந்தைப் போட்டு, நீ பேஸுக்குப் போனால் போதும் என்று எதிரணி ஒதுங்கிய நேரமெல்லாம் போக மிச்சத்தில் அடித்ததுதான் 72.

லீக் தரம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. மேஜர் லீக்குக்குக் கீழே இருந்த மைனர் லீக்குகளை வகுப்பு வாரியாகப் பிரித்திருந்தார்கள். ராஸ்வெல் ஆடிய லாங்ஹார்ன் லீக் அப்போது சி வகுப்பு. அதற்குக் கீழே டி வகுப்பு மட்டும்தான். பந்து எறியும் பிட்சர்களில் பலர் இருபது வயதுப் பையன்கள். மேற்கு டெக்சாஸும் தென்கிழக்கு நியூ மெக்சிகோவும் வறண்ட பூமி, ராஸ்வெல் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, பந்து நன்றாகவே பறக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த லீக் நடந்த ஒன்பது சீசனிலும் எத்தனையோ பேர் அதே காற்றில், அதே மாதிரிப் பிட்சர்களிடம் ஆடினார்கள். 72 அடித்தது ஒருவர்தான்.

5 ஜூன்

மேஜர் லீக் ஏன் போகவில்லை என்பதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு அனுமானம் இருக்கிறது: மேலே போகாதவன் எல்லாம் போக முடியாதவன் என்று.

பௌமன் 1922இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். இடது கை பேட்டிங், ஃபீல்டிங்கில் ஃபர்ஸ்ட் பேஸ், ஆறடி ஐந்து அங்குல உயரம். 1941இல் ஆர்கன்சாவில் ஆட ஆரம்பித்தார். அடுத்து உலகப்போர், கடற்படை. திரும்பி வந்தபோது நல்ல வயதில் சில ஆண்டுகள் போயிருந்தன. 1946இல் அமரில்லோ அணிக்கு 48 ஹோம் ரன், அடுத்த ஆண்டு 38. அதைப் பார்த்து மேஜர் லீக் அணியான பாஸ்டன் பிரேவ்ஸ் தங்கள் ஹார்ட்ஃபோர்டு கிளை அணிக்கு 1948இல் எடுத்தார்கள். அது ஏ வகுப்பு. அங்கே 10தான் அடித்தார். சீசன் முடிந்ததும் சம்பளத்தைக் குறைத்து ஒப்பந்தம் நீட்டினார்கள்.

அவர் மறுத்துவிட்டார். ஓக்லஹோமா சிட்டியில் ஏதாவது தெரு முனையில் நின்று ஷூ லேஸ் விற்றால்கூட இதைவிட அதிகம் சம்பாதிப்பேன் என்றாராம். விலகியவர் எல்க் சிட்டி என்ற எண்ணெய்க் காசு புழங்கிய சிற்றூருக்குப் போய், அரைத்தொழில்முறை அணியில் மூன்று ஆண்டு ஆடினார். பேஸ்பால் வரலாற்றில் அந்த மூன்று வருஷத்துக்குக் கணக்கே இல்லை. 1952இல் லாங்ஹார்ன் லீக்குக்கு வந்து ஆர்டீசியா அணிக்கு 50, மறுவருஷம் 53 அடித்துவிட்டுத்தான் 1954இல் ராஸ்வெல் வருகிறார். அப்போது வயது 32. அந்த வயதில் சி வகுப்பிலிருந்து யாரையும் மேலே கூப்பிட மாட்டார்கள், எத்தனை அடித்தாலும்.

ராஸ்வெல்லில் சொந்தமாக ஒரு டெக்ஸாகோ பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். பங்கும் பேஸ்பாலும் சேர்ந்ததுதான் அவர் வருமானம். பேஸ்பாலில் மேலே ஏறுவது என்பது அன்றைய ஒப்பந்த முறையில் முதலாளி சொன்ன இடத்துக்கு, சொன்ன சம்பளத்துக்குப் போவது. பங்க் வைத்திருந்தவர் அதற்குத் தலையாட்டத் தேவையில்லாத நிலையில் இருந்தார். இது தோல்வியாக எனக்குத் தெரியவில்லை.

5 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே விட்டுப்போனது: அவர் மைனர் லீக் வாழ்க்கை முழுக்கச் சேர்த்து 337 ஹோம் ரன். போரும் எல்க் சிட்டியும் தின்ற வருஷங்களைச் சேர்க்காமல் வந்த எண் இது.

8 ஜூன்

காசு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. சி வகுப்பு அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. ஆனால் ஹோம் ரன் அடித்தால் வேறொரு வழியில் காசு வரும்.

மைதானத்தில் பேட்ஸ்மேனுக்குப் பின்னால், பந்து பார்வையாளர் மேல் படாமலிருக்கக் கம்பி வலை கட்டியிருப்பார்கள். யாராவது ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தால் ஜனங்கள் எழுந்து அந்த வலை ஓட்டைகளில் டாலர் நோட்டைச் செருகுவார்கள். அடித்தவர் வலையை ஒட்டி நடந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போவார். நம் ஊர்த் திருவிழாவில் கரகாட்டக்காரருக்கு நோட்டுக் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த உற்சாகம்தான். பௌமனுக்கு அந்த சீசனில் இப்படிச் சேர்ந்தது சில்லறைக் காசு அல்ல. போதாக்குறைக்கு, உள்ளூர் இறைச்சி நிறுவனம் ஒன்று ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் ஒரு ஹாம் கொடுத்தது. 72 பன்றித்தொடையை ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி!

இந்த வழக்கம் இன்னும் செத்துவிடவில்லை. நான் மேற்கு டெக்சாஸில் மிட்லண்டில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து ராஸ்வெல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டம். இப்போது அங்கே இன்வேடர்ஸ் என்று ஓர் அணி இருக்கிறது. பீகோஸ் லீக், 2011இல் தொடங்கியது, மேஜர் லீக் கிளப் எதனோடும் சம்பந்தமில்லாத சுதந்திர லீக். ஒரு ஜூலை மாலை போயிருந்தேன். ஏழு மணிக்கும் வெயில் முகத்தில் அடித்தது. நாலாவது இன்னிங்ஸில் உள்ளூர்ப் பையன் ஒருவன் வலது பக்க வேலிக்கு மேலே ஒன்றைத் தூக்கினான். அவன் சுற்றி வந்து ஹோம் பிளேட்டை (ரன் முடியும் இடம்) மிதிப்பதற்குள் எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மா பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார். ஒரு டாலர் நோட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, குச்சி மாதிரி ஆக்கித் தன் சின்ன மகளிடம் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். அந்தக் குழந்தை வலை ஓட்டையில் அதைப் பாதி தூரம் தள்ளிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றி இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, வரிசையாகக் காசை எடுத்துக்கொண்டே வந்து, அந்தக் குழந்தை முன்னால் நின்றான். குழந்தை விடவில்லை. அவனும் இழுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் சிரித்து, அம்மா காதில் ஏதோ சொன்ன பிறகுதான் விட்டது.

அந்த லீக்கில் பையன்களுக்கு வாரச் சம்பளமே சில பத்து டாலர்தான். அந்த நோட்டுகள் அவர்களுக்கு அடுத்த நாள் சாப்பாடு.

9 ஜூன்

பறக்கும் தட்டு கேள்வி வந்தே தீரும் என்று தெரியும். அந்த 72 பந்தில் ஒன்றாவது விண்கலத்தில் பட்டிருக்குமா என்று கேட்டவருக்கு: ராஸ்வெல் அருகே ஏதோ விழுந்ததாகச் செய்தி வந்தது 1947 ஜூலையில். அணி வந்தது 1949இல். ஆனால் ஊர் அந்தக் கதையால் பெயர் பெற்றது 1970களின் கடைசிக்குப் பிறகுதான். பௌமன் ஆடிய காலத்தில் ராஸ்வெல் என்றால் வாக்கர் விமானப்படைத் தளம், ஆடுமாடு, எண்ணெய். ராக்கெட்டுக்கும் ஊருக்கும் உறவு அதற்கும் முந்தியது. ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டு 1930களில் இங்கேதான் தன் ராக்கெட்டுகளை விட்டுப் பார்த்தார்.

13 ஜூன்

72ஆவது எப்படி வந்தது என்று கேட்டவருக்காக.

ஆகஸ்ட் கடைசியில் அவர் 64இல் நின்றார். அதுவரை இருந்த சாதனை 69. இரண்டு பேர் கையில் இருந்தது: 1933இல் மினியாபொலிஸ் அணிக்கு ஆடிய ஜோ ஹாசர், 1948இல் அமரில்லோவுக்கு ஆடிய பாப் க்ரூஸ். ஆகஸ்ட் 31 அன்று ஸ்வீட்வாட்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தார். 68. அடுத்து மிட்லண்டுக்கு எதிராக 69. நான் தினமும் வேலைக்குப் போகும் இந்த ஊரின் அணிதான் அந்த 69ஐ வாங்கியது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ சந்தோஷம்.

அப்புறம் சீசனின் கடைசி நாள். 1954 செப்டம்பர் 5, ஞாயிறு. ஆர்டீசியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ராஸ்வெல்லிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டர். அவர் முந்தைய இரண்டு சீசனும் சொந்த மைதானமாக ஆடிய இடம் அது. மேலாளர் பாட் ஸ்டேசி, பௌமனுக்கு ஒரு வாய்ப்பாவது கூடக் கிடைக்கட்டும் என்று முதல் ஆளாக இறக்கினார். ஆறடி ஐந்து அங்குல ஃபர்ஸ்ட் பேஸ்மேனை யாரும் முதல் ஆளாக இறக்க மாட்டார்கள். அது வேகமாக ஓடுபவனுக்கான இடம். இறங்கியவர் முதல் ஆட்டத்தில் தன் முதல் வாய்ப்பிலேயே 70ஐ அடித்தார். இரண்டாவது ஆட்டத்தில் இன்னும் இரண்டு. 72.

இதில் எனக்குப் பிடித்தது ஆர்டீசியா பிட்சர்கள் நடந்துகொண்ட விதம். சாதனை நம் தலையில் விழ வேண்டாம் என்று நாலு பந்தை வெளியே போட்டு அனுப்பியிருக்கலாம். சீசன் முழுக்க 150 முறை வாக் விட்டுக்கொடுத்த லீக்தானே அது. அன்றைக்கு அவர்கள் அடிக்கக்கூடிய பந்தையே போட்டார்கள்.

14 ஜூன்

பாப் க்ரூஸ் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுப் போனது மனசுக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு 70ஆவதும் வந்திருக்க வேண்டும். வேலியைத் தாண்டி எதிலோ பட்டு உள்ளே திரும்பி விழுந்த ஒரு பந்தை, தாண்டவில்லை என்று அம்பயர் சொல்லிவிட்டதாக அந்த வட்டாரத்தில் இன்றும் பேச்சு இருக்கிறது. அது எப்படியோ, அதே சீசனில் அவர் அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் 254. பௌமனுடையதைவிட 30 கூட.

ஹாசர் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஆடிய மினியாபொலிஸ் நிக்கோலெட் பார்க்கில் வலது பக்க வேலி 280 அடியளவே. அவரும் இடது கைக்காரர். மினியாபொலிஸ் பெரிய நகரம், மேல்வகுப்பு லீக், அதனால் யாரும் வேலியைக் குறை சொல்வதில்லை. சிற்றூர்க்காரன் அடித்தால் மட்டும் காற்றையும் உயரத்தையும் அளக்கிறார்கள்.

21 ஜூன்

"72 அடித்த ஆள் இருந்தும் கூட்டம் வரவில்லையென்றால் ஊரில் ஆர்வம் இல்லை என்றுதானே பொருள்" என்று முதல் கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. ராஸ்வெல் தேய்ந்துபோன ஊர் அல்ல. மக்கள்தொகை 1940இல் 13,482. 1950இல் 25,738. 1960இல் 39,593. அணி செத்த 1956இல் ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் அணி மூடப்பட்டது என்ற வழக்கமான விளக்கம் இங்கே ஒட்டாது.

1949இல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள் இருந்தன. 400க்கு மேற்பட்ட அணிகள், ஏறத்தாழ 4 கோடிப் பார்வையாளர். ராக்கெட்ஸ் பிறந்தது அந்த உச்சத்தில். 1956இல் லீக்குகள் 28. ஏழு வருஷத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ராஸ்வெல் செய்த குற்றம் எதுவுமில்லை. நாடு முழுக்க ஒரே சமயத்தில் நடந்தது.

ரேடியோவிலிருந்து தொடங்க வேண்டும். 1940களின் கடைசி வரை மேஜர் லீக் விதி ஒன்று சின்ன ஊர்களைக் காத்தது. ஒரு மேஜர் லீக் அணி தன் ஆட்டத்தைத் தன் எல்லைக்கு வெளியே, இன்னொரு அணியின் வட்டாரத்துக்குள் அதன் சம்மதம் இல்லாமல் ஒலிபரப்ப முடியாது. இது வணிகப் போட்டியைத் தடுக்கிறது என்று மத்திய நீதித்துறை அழுத்தம் கொடுத்ததும் 1949இல் தளர்த்தினார்கள், 1951இல் எடுத்தே விட்டார்கள். டல்லாஸிலிருந்து கார்டன் மெக்லெண்டன் நடத்திய லிபர்ட்டி வலையமைப்பு, தந்தியில் வரும் குறிப்பை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவிலேயே கூட்டச் சத்தமும் பேட் சத்தமும் சேர்த்து மேஜர் லீக் ஆட்டத்தை வர்ணனை செய்தது. மேற்கு டெக்சாஸில் உட்கார்ந்திருந்தவனுக்கு நியூயார்க் ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ராஸ்வெல்லும் கார்ல்ஸ்பேடும் ஆடுவதைக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்க அப்போதுதான் அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

பின்னாலேயே டிவி. கூடவே குளிர்சாதனம். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஒரு கோடையைக் கழித்துப் பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது என்பதால்தான் அந்தக் காலத்தில் குடும்பத்தோடு மைதானத்துக்கு வந்தார்கள். வெளியே காற்றாவது வரும். வீடு குளிர்ந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் ஊரில் இன்றும் ஜூலை மாலையில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, எல்லாரும் ஏசிக்குள்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் இன்னொன்று. 1950 முதல் 1957 வரை டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் கடும் வறட்சி. மாட்டுப் பண்ணைக்காரர்கள் கையில் காசு இல்லை. அந்த லீக்கின் பல ஊர்கள் பண்ணை ஊர்கள்.

போக்குவரத்தும் கொல்லும். ராஸ்வெல்லிலிருந்து அதே லீக்கின் சான் ஆஞ்சலோ 400 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டம் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏற வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் டீசல், டயர், சாப்பாடு. டிக்கெட் காசை நம்பியிருந்த அணிக்கு ஒரு வாரம் கூட்டம் குறைந்தாலே அடுத்த வாரப் பயணம் கடனில்தான்.

1955 முடிவில் லாங்ஹார்ன் லீக் தன் பெயரை விட்டு, 1956இல் பி வகுப்பில் சவுத்வெஸ்டர்ன் லீக் ஆனது. ஒரு படி ஏறினால் பிழைக்கலாம் என்று பார்த்தார்கள். ராக்கெட்ஸுக்கு அதுதான் கடைசி சீசன். பௌமன் 1955இல் 46 அடித்திருந்தார், 1956இல் 17. அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். அந்த லீக் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. 1963இல் பி, சி, டி என்ற வகுப்புகளையே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஆர்வம் இல்லை என்று ஊர்மேல் பழி போடாதீர்கள். ஏழு வருஷத்தில் வந்த நாலைந்து மாற்றங்களை எதிர்த்து ஒரு மனிதனின் பேட் என்ன செய்யும்?

22 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரேடியோ, டிவியை வில்லன் ஆக்கிவிட்டதுபோல் தெரிகிறது. கேட்கிறவன் பக்கமும் இருக்கிறது. மைதானத்துக்கு வர முடியாத முதியவர், பண்ணையில் தனியாக இருந்தவர், இவர்களுக்கெல்லாம் அந்த ஒலிபரப்பு பெரிய வரம். விதியை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் சின்ன ஊர் அணிகள் விழும் என்று தெரிந்தும், லாபம் பார்த்த மேஜர் லீக் முதலாளிகள் அந்த ஊர்களுக்கு எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆட்டக்காரர்களை அவர்களுக்கு வளர்த்துக் கொடுத்தது இந்த ஊர்கள்.

2 ஜூலை

"அப்படிப்பட்ட பொற்காலம் இனி வராது" என்று ஒருவர் உருகியிருக்கிறார். பொற்காலம் என்ற சொல்லை நான் இங்கே ஏற்க மாட்டேன்.

ராக்கெட்ஸ் போன பிறகு 1959இல் ராஸ்வெல்லுக்கு மறுபடி ஓர் அணி கொஞ்ச காலம் வந்தது. சான் ஆஞ்சலோவில் இருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளை அணி, சோஃபமோர் லீக், சீசன் நடுவில் இங்கே மாறியது. அதில் வில்லி ஸ்டார்ஜெல் என்ற கருப்பினப் பையன். வயது 19. வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கிய ஓட்டலில் அவருக்கு இடமில்லை, அவர்கள் சாப்பிட்ட கடையில் சாப்பாடு இல்லை. டெக்சாஸின் பிளைன்வியூவில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி, இன்றைக்கு ஆடினால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டினான். பையன் பயந்து நடுங்கினான், ஆனாலும் ஆடினான். பின்னாளில் மேஜர் லீக்கில் 475 ஹோம் ரன் அடித்து 1988இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர் அவர்தான்.

இன்னொரு சம்பவம், இது ஜார்ஜியாவில். 1952 ஜூலை 19. ஃபிட்ஸ்ஜெரால்டு பயனியர்ஸ் என்ற டி வகுப்பு அணி ஸ்டேட்ஸ்பரோவில் 13-0 என்று தோற்றுக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார கூட்டம் கேலியாக "பேட் எடுத்துக் கொடுக்கும் பையனை இறக்கு" என்று கத்தியது. மேலாளர் நிஜமாகவே இறக்கிவிட்டார். ஜோ ரெலிஃபோர்டு, 12 வயது, கருப்பினச் சிறுவன். பந்தை அடித்து அவுட் ஆனான். பிறகு ஃபீல்டிங்கில் ஓடிப்போய் அருமையான கேட்ச் ஒன்று பிடித்தான். கேலி செய்த அதே கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்து அவன் பாக்கெட்டில் காசைத் திணித்தது. லீக் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அனுமதித்த அம்பயரை வேலையைவிட்டு நீக்கியது, மேலாளருக்கு அபராதமும் ஆடத் தடையும் போட்டது.

காசை வலையில் செருகும் காட்சியை நான் ஆசையாக எழுதினேன். இன்னமும் அந்த ஆசை குறையவில்லை. ஆனால் அந்த வலைக்கு இந்தப் பக்கம் யார் யார் எங்கே உட்கார அனுமதி இருந்தது, அந்தப் பக்கம் யாருக்கு ஆட அனுமதி இருந்தது என்பதையும் சேர்த்தேதான் அந்த ஊர்களை நேசிக்க முடியும்.

3 ஜூலை

கியூபாக்காரர்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆமாம், லாங்ஹார்ன் லீக்கில் நிறையப் பேர். பாட் ஸ்டேசி ராஸ்வெல்லுக்கு வருமுன் பிக் ஸ்பிரிங் அணியை நடத்தியபோது, வாஷிங்டன் செனட்டர்ஸ் கியூபாவிலிருந்து பிடித்து அனுப்பிய பையன்களை வைத்தே வலுவான அணி கட்டினார். இது பெரிய விஷயம், வேறு இழையில் பேச வேண்டும்.

17 ஜூலை

பௌமனின் கடைசிக் காலம். ஓய்வுக்குப் பிறகும் ராஸ்வெல்லிலேயே இருந்தார். பங்க் நடத்தினார், பிறகு பீர் விநியோகத் தொழிலில் வேலை பார்த்தார். பெரிய கசப்போடு பேசியதாக எங்கும் படித்ததில்லை. 2001இல் பாண்ட்ஸ் 73ஐத் தொட்டபோது நாடே ஒரு வாரம் இவரைத் தேடி வந்தது. மறுவருஷத்திலிருந்து மைனர் லீக்கில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்கு இவர் பெயரில் விருது தருகிறார்கள். ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் 200 டாலர். 2004இல் ரையன் ஹவர்டு 46 அடித்து வாங்கினார், 9,200 டாலர் வரும்.

2005 ஆகஸ்டில் ராஸ்வெல் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த விழாவில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செப்டம்பர் 20 அன்று காலமானார், 83 வயது. இதை ஏதோ விதியின் விளையாட்டு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுதப் பிடிக்கவில்லை. தன் பெயர் பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார், அது போதும்.

29 ஜூலை

2021இல் மேஜர் லீக் தன் கிளை அணிகளை 160இலிருந்து 120ஆகக் குறைத்தது. நாற்பது கிளை இடங்கள் ஒரே வீச்சில் போயின. அதைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். 1956உடன் ஒப்பிட்டால் முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அன்று அணிகள் தானாக நொடித்து விழுந்தன. 2021இல் கூட்டம் வந்துகொண்டிருந்த அணிகளையும் மேலிடம் உட்கார்ந்து பட்டியல் போட்டு வெட்டியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

6 ஆகஸ்டு

மைனர் லீக்கில் 60ஐத் தொட்டவர்கள் வேறு யார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை: டோனி லசெரி 1925இல் சால்ட் லேக்கில் 60. மூஸ் கிளாபா 1926இல் டைலரில் 62. ஜோ ஹாசர் இரண்டு முறை, 1930இல் பால்டிமோரில் 63, 1933இல் அந்த 69. பாப் க்ரூஸ் 1948இல் 69. பௌமன். அப்புறம் 1956 ஒரே ஆண்டில் மூன்று பேர்: லிங்கனில் டிக் ஸ்டூவர்ட் 66, ஷ்ரீவ்போர்ட்டில் கென் கெட்லர் 62, பிளைன்வியூவில் ஃப்ராஸ்டி கென்னடி 60. கென்னடி ஆடியது ராக்கெட்ஸ் தன் கடைசி சீசனை ஆடிய அதே சவுத்வெஸ்டர்ன் லீக்.

இந்தப் பட்டியலில் லசெரி, ஸ்டூவர்ட் இருவரும் மேஜர் லீக்கில் நீண்ட காலம் ஆடினார்கள். கெட்லர் ஆடியது டெக்சாஸ் லீக், டபுள் ஏ வகுப்பு, மேஜர் லீக்குக்கு இரண்டே படி கீழே. 62 அடித்தும் அவருக்கும் மேலே ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வகுப்பு தாழ்ந்தது, அதனால்தான் பௌமனைக் கூப்பிடவில்லை என்பவர்கள் கெட்லருக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை. அவருக்குத் தனி இழை தொடங்குகிறேன். ஷ்ரீவ்போர்ட் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.